நாலு கைக் கதவு

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் வாங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கலக்கவில்லை என்றால், ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பேன். அம்மா இதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது. "போற வீட்ல ஒன்ன வச்சிக்கிட்டு எப்படித்தான் மாரடிக்கப் போறாவளோ" என்பாள். ஆனால் இந்தக் குணத்துக்குத் தீனி போட்டு வளர்த்தது எங்கள் தூத்துக்குடிப் பக்கம் இல்லை, ஸ்ரீபெரும்புதூர்தான்.

செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அதைச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு டெஸ்டிங் லைனில் வேலை. நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப். இந்த ஸ்ட்ராப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம் உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரம்கூட உள்ளே இருக்கும் சின்னச் சில்லுகளைக் கெடுத்துவிடுமாம். அதனால் வேலைக்கு உட்காரும்போது நீலநிற எலாஸ்டிக் பட்டை ஒன்றை மணிக்கட்டில் மாட்டி, அதிலிருந்து ஒரு சுருள் வயரை மேசையோடு இணைத்துக்கொள்ள வேண்டும். எழுந்திருக்கும்போது கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். என்னைப் பார்த்தால் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி இருக்கும் என்று ஊருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தேன்.

வெளியே வரும் வழியில் கேட்டில் ஒரு பொத்தான் உண்டு. ஒவ்வொருத்தியும் அதை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் திரைக்குப் பின்னால் போய்ப் பையைக் கொட்டி, கோட்டைக் கழற்றி, கொண்டைக்குள்ளேயும் விரல் விட்டுப் பார்க்க நிற்க வேண்டும். யாருக்கு எது எரியும் என்பது மெஷினின் இஷ்டம், மனுஷர் கையில் இல்லை என்றார்கள். நான் அதையும் நம்பவில்லை. ஓ.டி. பார்க்க முடியாது என்று சொன்னவர்களுக்கு மறுநாள் சிவப்பு விழுகிறது என்பது என் கட்சி. தினமும் நீ திருடியாக இருப்பாயோ என்று பார்த்து அனுப்புகிற இடத்தில் இருந்தால், நீயும் நாலு பேரை அப்படித்தான் பார்ப்பாய்.

தங்கியிருந்தது பிள்ளைப்பாக்கத்தில், ஒரு வீட்டின் மாடி அறையில். கூட இருந்தவள் சாயல்குடிக்காரி. லைனில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பதால் எல்லாரையும் ஊரை வைத்துத்தான் கூப்பிடுவோம். நான் தூத்துக்குடி, அவள் சாயல்குடி. எங்கள் வளாகத்திலேயே இன்னொரு கம்பெனியில், சார்ஜர் செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை. வேறு கேட், வேலைக்கு ஆள் எடுத்துவிடுகிற ஏஜென்சியும் வேறு, வேறு பஸ். ஆனால் அங்கேயும் அதே பொத்தான். எனக்கு முதல் ஷிப்ட். விடியும் முன்னே கிளம்பி மூன்று மணிக்கு மேல் திரும்புவேன். அவளுக்கு ஜெனரல் ஷிப்ட். காலை எட்டு மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருவாள். சேர்ந்து உட்கார்ந்து பேச ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த அறைக்குள் கம்ப்யூட்டர் வந்தது அவள் சித்தப்பா மகனால். தாம்பரத்தில் நெட் சென்டர் வைத்திருந்தவர், கடையை மூடும்போது பழைய பெட்டி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். மானிட்டர் ஒரு சின்ன ஆட்டுக்கல் கனம். வீட்டுக்காரரிடமும் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறோம் என்று சொன்னோம். படிக்கவும்தான் நினைத்தோம். ஆனால் அதற்குள் ஒரு கேம் இருந்தது.

பெயர் தெரியாது. கள்ள சி.டி.யிலிருந்து ஏற்றியது, தலைப்பு வர வேண்டிய இடத்தில் கறுப்புத் திரைதான் வரும். கதை இதுதான்: ஒரு பெண் தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு, நிஜத்தில் இல்லாத ஒரு நகரத்துக்குள் போகிறாள். அங்கே சுவர், தெரு, மரம் எல்லாமே நீலக் கோடுகள். போன இடத்தில் மாட்டிக்கொள்கிறாள். வெளியே வர வேண்டும். வழியில் காவலர்கள் வருவார்கள், கம்பை வைத்து அடித்து விழுத்த வேண்டும். விழுந்தவர்களிடமிருந்து ஒளிமணிகள் பொறுக்கினால் அவளுக்குப் பலம் கூடும், கம்பு நீளும். இதெல்லாம் சுலபம். கஷ்டம் கதவுகளில்தான். ஒவ்வொரு வட்டாரத்தின் முடிவிலும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு புதிர். கண்ணாடிகளைத் திருப்பி வெளிச்சத்தை ஒரு துளைக்குக் கொண்டுவருவது, தரைக்கற்களைச் சரியான வரிசையில் மிதிப்பது, தன் நிழலையே தனியே நடக்கவிட்டு வேறொரு கல்லில் நிற்கவைப்பது. தப்பாக எதையாவது தொட்டால் நகரத்தின் குரல் பேசும். கனத்த ஆண் குரல். "உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்கும். சரியாகச் செய்தாலும் அதையேதான் கேட்கும். அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். கேமில் ஒரே ஒரு இடத்தில்தான் சேமிக்க முடியும். ஒருத்தி விட்ட இடத்திலிருந்துதான் மற்றவள் தொடர வேண்டும். அதனால் வார நாட்களில் யாரும் காவலர்களோடு சண்டை போடலாம், மணி பொறுக்கலாம். கதவை மட்டும் தொடக்கூடாது. கதவு ஞாயிற்றுக்கிழமைக்கு. இரண்டு பேரும் குளித்து, துணி துவைத்துக் காயப்போட்டு, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஒரு ஸ்டூலையும் ஒரு கவிழ்த்த பக்கெட்டையும் போட்டு உட்காருவோம். அவள் மவுஸ், நான் அம்புக்குறி. அந்தச் சில மணி நேரத்துக்காக நான் ஆறு நாள் வேலை பார்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அந்த ஊரில் எனக்கு வேறு யாரும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை வேலை விட்டு வந்து கம்ப்யூட்டரை ஆன் பண்ணப் போனேன். மானிட்டரின் முதுகில் கை பட்டது. சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று வேறொருத்தி விட்டிருப்பாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மூடியிருந்தது. வெயில் படுகிற மூலையும் அது இல்லை. அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் தொட்டுப் பார்த்தேன், மறுநாளும் சூடு. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மானிட்டரைத் தொடுவது என் வழக்கமாகிவிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

சாயல்குடியிடம் கேட்டேன். "ஏட்டி, காலைல போவும்போது கம்ப்யூட்டர அமத்திட்டுத்தான போற?"

"ஆமாடி. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அந்த வாரக் கடைசியில் கதவு திறந்திருந்தது.

அது சாதாரணக் கதவு இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு எங்களால் முடியாமல் விட்ட கதவு. அதில் ஒரு நெம்புகோலைக் கேமில் வரும் பெண் விடாமல் பிடித்திருக்க வேண்டும். அதற்குக் கீபோர்டின் இடது மூலையில் ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதே நேரத்தில் வலது பக்கம் அம்புக்குறிகளால் அவள் நிழலை நடத்த வேண்டும். அதே நேரத்தில் மவுஸால் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு காவலன் வருவான், அவனையும் அடிக்க வேண்டும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் நாலு கைக் கதவு. ஒரு ஆளால் திறக்க முடியாது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை. இப்போது அந்தப் பெண் கதவுக்கு அந்தப் பக்கம், வேறொரு தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. கதவு போனதற்காக இல்லை. நாலு கை என்றால் இரண்டு ஆள். ஒரு ஆள் சாயல்குடி என்றால், இன்னொரு ஆள் யார்?

அவள் ஆறு மணிக்கு வந்ததும் கேட்டேன். "கதவ நீ தொறந்தியா?"

"எந்தக் கதவு?" என்றாள். பிறகு, "நம்ம ரெண்டு பேருந்தானடி போன வாரம் தொறந்தோம்" என்றாள்.

திறக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரியும். இப்படி முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லக் கூடியவள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு பஸ் லேட் என்றால், எந்த பஸ் என்று கேட்டேன். கேன்டீனில் இன்று பொங்கல் என்றால், பொங்கலா என்று இழுத்தேன். அவள் மெலிந்துபோயிருந்ததைப் பார்த்தேன். அதற்கும் நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். சொல்ல வாய் கூசும் காரணம்.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்கார அக்கா மாடிப்படியில் என்னை மறித்தார்.

அக்காவைப் பற்றி: நாற்பதைத் தாண்டியவர். தொழிற்பேட்டைக்கு நிலம் போனபோது கிடைத்ததில் இந்த மாடியைக் கட்டினார். நடுவில் ஒரு புரோக்கர், அதுவும் அவர் சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவன், அவரை ஏமாற்றியிருந்தான். அதிலிருந்து அக்காவும் என் ஜாதிதான், யாரையும் நம்புவதில்லை. ரோட்டு ஓரத்தில், கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவருக்கு மெஸ் இருந்தது. விடியற்காலையில் போனால் மதியச் சாப்பாடு முடித்துத்தான் திரும்புவார். அறையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை மாடிக் கதவுக்கு வெளியே கிடக்கும் செருப்பை வைத்துக் கணக்கிடுவார். செருப்பு வெளியேதான் கிடக்க வேண்டும். அது இந்த வீட்டுச் சட்டம்.

"உன் ரூம்ல இன்னாம்மா நடக்குது?" என்றார்.

"என்னக்கா?"

"காலைல காஸ் தீந்துபோச்சினு வூட்டுக்கு வந்தேன். பதினோரு மணி இருக்கும். மேல ஆம்பள கொரல் கேக்குது."

"ஆம்பளயா?" என்றேன்.

"இங்கிலீசுல பேசிக்கினு கீறான். அதட்டறான். நான் கதவ தட்டினேன். அப்டியே சத்தம் நின்னுபோச்சு. வெளிய ஒரு செருப்பு இல்ல. செருப்ப உள்ள வெச்சிக்கினு குந்திக்கிறவன் நல்லவனா?"

அந்த வீட்டில் இங்கிலீஷ் பேசும் ஆண் ஒருவன்தான் உண்டு என்று எனக்குத் தெரியும். சிரிப்புகூட வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. பதினோரு மணிக்கு நான் லைனில் இருந்தேன். அவளும் லைனில் இருக்க வேண்டிய நேரம். அந்தக் குரலைப் பேசவைத்தது யார்? நாலு கையில் மற்ற இரண்டு கை யாருடையது? அக்காவிடம், அது வெறும் கேம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

"நாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சி வருவேன்" என்றார் அக்கா. "அதுக்குள்ள யாருனு நீங்களே சொல்லிடணும். இல்லாங்காட்டி ரெண்டு பேரு வூட்டுக்கும் போன் போட்டு வந்து இட்னு போகச் சொல்லிடுவேன். பொம்பள புள்ளைங்கள வெச்சிக்கினு எனக்கு இந்தப் பேஜாரு வாணாம்."

எனக்கு அண்ணன் வந்து நாலு வார்த்தை கத்திவிட்டுப் போவான். சாயல்குடிக்கு அப்படி இல்லை. அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றோடு சரி. ஊருக்குக் கூட்டிப் போய், யார் முதலில் கேட்கிறார்களோ அவனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார். அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை லைனில் சூப்பர்வைசரிடம் காய்ச்சல் என்றேன். "ஓ.டி.ன்னா காய்ச்சல் வராது இல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். கேட்டில் பச்சை விழுந்தது. அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவில் ஆறு பேரோடு நசுங்கி வந்து, மெஸ் பக்கம் போகாமல் பின்பக்கச் சந்து வழியாக நுழைந்தேன். மாடிக் கதவுக்கு வெளியே செருப்பு இல்லை. கதவில் காதை வைத்தேன்.

"உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று அந்த ஆள் உள்ளே இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாவியைப் போட்டேன். உள்தாழ்ப்பாள். தட்டினேன். சத்தம் நின்றது. "நான்தாம்ட்டி" என்றேன். பிறகு தாழ்ப்பாள் திறந்தது.

சாயல்குடி கோட்டுப் போட்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வேலைக்குப் போகிற கோலத்தில் நின்றிருந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். பாத்ரூம் கதவைத் திறந்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பேப்பரில் சுற்றிய ஒரு ஜோடி செருப்பு இருந்தது. அவளுடையதுதான்.

"யாரத் தேடுற?" என்றாள்.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கீபோர்டின் இடது மூலையில், விசையின் இடுக்கில், துணி காயப்போடும் கிளிப் ஒன்று சொருகியிருந்தது. அதன் மேல் இரண்டு சுற்றுத் தலைமுடி ரப்பர் பேண்ட். விசை அமுங்கியபடியே இருந்தது. நாலு கையில் ஒன்று அந்தக் கிளிப். மற்றதையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கடைசிக் கதவ மட்டும் தொறக்கலடி" என்றாள். "ஒனக்காக வச்சிருக்கேன்."

"தொறக்க முடியலையா, வச்சிருக்கியா?" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

அவள் பக்கெட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே சொன்னதைக் கோர்த்துச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு வேலை முடிந்து பொத்தானை அழுத்தியிருக்கிறாள், சிவப்பு. திரைக்குப் பின்னால் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினால் மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப். வயரைக் கழற்றியவள் பட்டையைக் கழற்ற மறந்திருக்கிறாள். கோட்டுக் கை மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. கம்பெனிச் சாமானை ஒளித்து வெளியே கொண்டுபோனதாக எழுதிக்கொண்டார்கள். மறுநாள் ஏஜென்சிக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, இனி வராதே, மாதக் கடைசிக்குள் ஒரகடத்தில் வேறு கம்பெனி பார்த்துத் தருகிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்றிருக்கிறார்.

"வாயத் தொறந்தா திருடின்னு பேரு வந்துரும்ல" என்றாள். "அப்பாவுக்குக் கேட்டுச்சுன்னா வந்து இழுத்துக்கிட்டுப் போயிருவாக. ஒரகடத்துல கெடைக்கிற வரைக்கும் இங்கிட்டு இருந்தாப் போதும்டி எனக்கு."

அதனால் தினமும் எட்டு மணிக்கு, கம்பெனி திருப்பிக் கேட்காத கோட்டையும் அட்டையையும் மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்துக்குப் போயிருக்கிறாள். யார் வந்து நிற்கிறார்கள் என்பதை அக்கா மெஸ்ஸிலிருந்து பார்ப்பார். பஸ் வந்தால் கூட்டத்தில் யார் ஏறினார்கள் என்று தெரியாது. அப்படியே ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் பின்பக்கமாக அறைக்கு வந்துவிடுவாள். நான் வரும் நேரத்துக்கு முன்பே கிளம்பி, ஆறு மணி வரை கரையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். நடுவில் இருக்கிற நேரத்தை என்ன செய்வது? கேம் ஆடியிருக்கிறாள்.

"வேற எதையாவது நெனச்சாப் பயமா இருக்குடி. இதுல இருந்தா அந்தப் புள்ள வெளிய வரணும்ங்கிறத மட்டும்தான் நெனைக்கத் தோணுது."

நான் பரிதாபப்பட்டேனா? பட்டேன். ஆனால் நம்பவில்லை. தினமும் மாட்டிக் கழற்றுகிற பட்டையை ஒருத்தி எப்படி மறப்பாள்? கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று இருக்கும்போது தெரியாதா? அப்படியே மறந்தாலும் கை கழுவும்போது? முகத்தைத் துடைக்கும்போது? வாய்விட்டே கேட்டேன்.

"நெசமா மறந்துட்டியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் திரைக்குப் பின்னாடி வான்னு சொல்லு, வாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவார் என்பதைச் சொன்னேன். 'காய்ச்சலில் லீவு போட்டு நான்தான் விளையாடினேன்' என்று நீயே அக்காவிடம் சொல்லிவிடு, ஒரே ஒரு பொய், அவ்வளவுதான் என்று கெஞ்சினாள். யோசிக்கிறேன் என்றேன். திருடிக்காகப் பொய் சொல்கிறோமோ என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் என் முகத்தில் படித்திருப்பாள். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

வெள்ளியும் சனியும் லைனில் எனக்கு வேலையே ஓடவில்லை. மற்றவர்கள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்குக்கு எழுந்தால் வயரையும் பட்டையையும் சேர்த்துக் கழற்றுகிறார்களா, வயரை மட்டும் கழற்றுகிறார்களா? எதிர் சீட்டுக்காரி ஒவ்வொரு முறையும் இரண்டையும் கழற்றினாள். பக்கத்துக்காரி டீக்குப் போகும்போது வயரை மட்டும் கழற்றினாள், ஆனால் ஷிப்ட் முடிந்ததும் பட்டையையும் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். ஒருத்தியும் மறக்கவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடியும்போது எழுந்து நின்று, வரிசையில் போகும் ஒவ்வொரு கையையும் பார்த்தேன். எல்லாம் வெறுங்கை. எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. மறக்க முடியாது. சாயல்குடி பொய் சொல்கிறாள்.

அந்தத் தெளிவோடு கேட்டுக்கு வந்தேன். பொத்தானை அழுத்தினேன். பச்சை. பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. மேலே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். கோட்டுக் கை சரிந்தது.

மணிக்கட்டில் நீலப் பட்டை.

கையைக் கீழே இறக்கினேன். பஸ் திரும்பியபோது கம்பியைப் பிடிக்காமல் முன்னால் நின்றவள் மேல் போய் விழுந்தேன். "கம்பியப் புடிச்சிக்கிறதுதானே" என்று எரிந்து விழுந்தாள். பிடிக்க முடியவில்லை. எலாஸ்டிக் அவ்வளவு நேரமும் தோலைக் கவ்விக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க இருப்பதால்தான் தெரியவில்லை. ஊரார் கையை எல்லாம் பார்த்தவள் என் கையைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. எங்கள் இரண்டு பேருக்கும் அதைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை என்று நினைத்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் பட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பச்சையா விழுந்துச்சு?" என்றாள்.

"ஆமா."

"நல்லவேள" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குத்திக்காட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும். அவள் என் கையிலிருந்து அதை உருவி, சுருட்டி, என் கோட்டுப் பையிலேயே போட்டாள். "திங்கக்கெழம கையில மாட்டிக்கிட்டே உள்ள போயிரு. உள்ள போறவள எவளும் தடவிப் பாக்க மாட்டா" என்றாள். கதவுப் புதிருக்கு வழி சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"நாளைக்கு அக்காகிட்ட உண்மையச் சொல்லிருவோம்" என்றேன்.

"நம்ப மாட்டாகடி."

"நானே நம்பலையே. நான் பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வெள்ளைச் சேலையில், கையில் பைபிளோடு, நேராக மாடிக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "யார் அவன்?" என்றார்.

நான் கம்ப்யூட்டரை ஆன் பண்ணி, கடைசிக் கதவுக்கு முன்னால் வேண்டுமென்றே தப்பான கல்லை மிதிக்கவைத்தேன். ஆள் பேசினான். அக்கா ஒரு அடி பின்னால் போனார். பிறகு ஸ்பீக்கரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேசைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். நானாக இருந்தால் எப்படிப் பார்த்திருப்பேனோ அப்படியே எல்லாவற்றையும் பார்த்தார்.

"இதான் கோர்சா?" என்றார்.

"இல்லக்கா. வெளாட்டு."

"செரி. கம்பெனிக்குப் போன நேரத்துல எவ குந்திக்கினு வெளாண்டது?"

சாயல்குடி சுவரோரமாக நின்றிருந்தாள். நான்தான் சொன்னேன். பொத்தான், சிவப்பு, பட்டை, ஏஜென்சி, ஏரிக்கரை, பேப்பரில் சுற்றிய செருப்பு, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அக்கா முகம் மாறவே இல்லை. புரோக்கர் கதை கேட்டுத் தேறிய முகம்.

"யாராவது மறப்பாங்களா?" என்றார் கடைசியில். "கையில கீறத மறந்துட்டேன்னா, கேக்கறவன் கேனயா?"

நான் கோட்டுப் பையிலிருந்து என் பட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். "இது நான் நேத்து மறந்து போட்டுட்டு வந்ததுக்கா. எனக்குப் பச்ச விழுந்துச்சு. நீங்க கம்பெனில போய்ச் சொன்னியன்னா என்னையும் நிறுத்திருவாவ" என்றேன். அதுவரை நான் யார் கையிலும் என்னை இப்படிக் கொடுத்ததில்லை.

அக்கா பட்டையை எடுத்தார். இழுத்துப் பார்த்தார். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைத் தன் மணிக்கட்டில் மாட்டினார். கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா?" என்றார்.

பிறகு சாயல்குடி பக்கம் திரும்பினார்.

"ஒரகடத்துல எப்ப வேல தரேன்னான்?"

"மாசக் கடைசிக்குள்ளன்னு சொன்னாகக்கா" என்றாள் சாயல்குடி.

"ஏஜென்டு சொல்றத நம்பிக்கினு குந்திக்கினு இருந்தா ஆவாது. எங்க வூட்டுக்காரு அந்தப் பக்கந்தான் வேன் ஓட்டறாரு. கேக்கச் சொல்றேன். அது வரைக்கும் காலைல மெஸ்ஸுக்கு வந்து காய் நறுக்கு. ஏரிக்கரையில தனியா குந்தாத." இவ்வளவு சொல்லிவிட்டுப் படியிறங்கப் போனவர், கதவருகில் திரும்பினார். "செருப்பு வெளிய கெடக்கணும். அப்புறம் அந்த ஆள கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லு. அக்கம்பக்கத்துல இன்னா நெனப்பாங்க?"

பாதிப் படியில் ஞாபகம் வந்து மறுபடி ஏறி வந்தார். கையில் பட்டை அப்படியே இருந்தது. கழற்றி என்னிடம் கொடுத்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு சாயல்குடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். நான் கீபோர்டின் மூலையிலிருந்து கிளிப்பை உருவி, கொடியில் மாட்டிவிட்டு வந்து பக்கெட்டில் உட்கார்ந்தேன்.